ரெண்டு சொம்புத் தண்ணி

மூக்கப் பொத்தாத கண்ணு. இன்னிக்கு நான் குப்பைக்குப் போயிட்டு வரல. குப்பைக்குப் போயி ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது. கல்யாண மண்டபத்துல பாத்திரம் கழுவிட்டு வரேன். வேணும்னா கைய மோந்து பாரு, சோப்புத்தூள் வாசனைதான் வரும்.

பொத்தலியா? துப்பட்டாவ சரி பண்ணியா? சரி, அப்டியே இருக்கட்டும். முப்பது வருசமா பஸ்சுல நான் உக்காந்தா பக்கத்துல இருக்கறவங்களுக்குத் துப்பட்டா நழுவுது, முந்தானை நழுவுது. எனக்குப் பழகிப் போச்சு. நான் கோச்சுக்கல.

இல்ல இல்ல, ஜன்னல் பக்கம் நீயே உக்காரு. அந்தப் பக்கம் உக்காந்தா டீச்சர்ஸ் காலனி ஸ்டாப்பப் பாக்கணும். அத்தப் பாக்கக் கூடாதுன்னுதான் தினம் இந்த ஓரமா உக்கார்றேன். உக்காந்து இன்னா, கண்ணு அங்கதான் போய்த் தொலையுது.

கால்கிட்ட இருக்கறதப் பாக்குறியா? மண்டபத்துல சாப்பாட்டு மேசை மேல விரிக்கிறாங்களே பிளாஸ்டிக் ஷீட்டு, அது. ஒரு பந்தி முடிஞ்சா சுருட்டித் தூக்கிப் போட்டுர்றாங்க. கிழிசல் இல்ல, ஒண்ணும் இல்ல, ரெண்டு ஆளு நீளம். கழுவித் தொடச்சு மடிச்சு எடுத்துக்கினு வரேன். எதுக்குன்னு கேட்டா எனக்கே தெரியாது. கண்ணால பாத்துட்டு வுட்டுட்டு வர முடியல, அவ்ளோதான்.

மடியில இன்னா, ஃபைலா? வேலை கேட்டுப் போயிட்டு வரியா? நல்ல காயிதம். வெள்ளை, மை கம்மி. இத்தத் தொட்டுப் பாக்காமலே சொல்லுவேன். எங்க கம்பெனி சாரு கூட ஒரு வாட்டி அசந்து போயிட்டாரு. "தேசம்மா, உங்க விரலே மிஷினு"ன்னாரு. அப்டி சொன்ன மனுசன்தான். சரி, அத்த அப்புறம் சொல்றேன்.

தேசம்மாங்கறது என் பேருதான்.

தண்ணி டேங்க் ஸ்டாப் போவ முக்கா மணி நேரம் ஆவும். நீ கேட்டாலும் கேக்காட்டியும் நான் சொல்லத்தான் போறேன். யார்கிட்டயாவது சொல்லணும் எனக்கு. எங்க ஆளுங்ககிட்ட சொல்ல முடியாது, எல்லாம் அவ பக்கம்.

அவன்னா, ரெஜினா. எங்க சங்கத்துத் தலைவி. பாரு, எங்க சங்கம்னு வாயி சொல்லுது. அவங்க சங்கம். குப்பை பொறுக்கற பொம்பளைங்க இருபத்தெட்டு பேரு சேந்து வச்சது. நான் போனப்புறம் இருபத்தேழு.

ரெஜினாவுக்குத் தொழில் கத்துக் குடுத்தது யாரு? நான். அவ புருசன் வுட்டுட்டுப் போனப்போ வயித்துல ரெண்டு மாசம், கையில ஒண்ணும் தெரியாம வந்து நின்னா. எந்த பாட்டில் போவும், எது போவாது, அட்டைய எப்டி மடிச்சா மூட்டையில எடம் புடிக்காது, நாய் வந்தா ஓடக் கூடாது, எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. "யக்கா, யக்கா"ன்னு முந்தானையப் புடிச்சிக்கினே திரிஞ்சா.

எங்க தொழில்ல லைனுன்னு ஒண்ணு இருக்குது. உனக்குத் தெரியாது. தெருவுல கெடக்கறதுதானே, எவ வேணா எடுக்கலாம்னு நெனப்ப. அது அப்டி இல்ல. ஒவ்வொருத்திக்கும் இவ்ளோ தெருன்னு இருக்கும். எழுதி வச்சது இல்ல, பத்திரம் இல்ல. ஆனா ஒருத்தி லைன்ல இன்னொருத்தி குனிய மாட்டா. தங்கமே கெடந்தாலும் தாண்டிப் போவணும். என் லைனு டீச்சர்ஸ் காலனி, நாலு தெரு. வாத்தியாருங்க வூடு. பரீச்சை முடிஞ்சா காயிதம் காயிதமா வரும். காயிதத்துக்கு அந்தக் காலனிய அடிச்சிக்க இந்தப் பக்கத்துல வேற எடமே இல்ல.

அப்புறம் இன்னொரு வழக்கம். ஒருத்தி ஒடம்பு முடியாம படுத்துட்டா, புள்ளை பெத்தா, வூட்டுல சாவு வுழுந்தா, அவ லைன மத்தவங்க வாருவாங்க. வாரி, தனி மூட்டையா கட்டி, தெரு மொனையில வச்சிருவாங்க. அவ புடவையில ஒரு துண்டக் கிழிச்சு மூட்டை வாய்க்குக் கட்டுவாங்க. அந்தத் துணியப் பாத்தா ஒருத்தியும் தொட மாட்டா. அது அவளுது. வந்து எடுத்துக்குவா. ரெஜினாவுக்கு ரெண்டாவது புள்ளை பொறந்தப்போ நாப்பது நாளு நான் வாரினேன் அவ லைன. என் நாலு தெரு முடிச்சிட்டு அவ அஞ்சு தெரு. மஞ்சப் புடவைத் துண்டு கட்டி நாப்பது நாளும் மூட்டை வச்சேன். அவ வந்து பாத்துட்டு அழுதா. அதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்குமா? இருக்காது.

இந்த விரலப் பாரு. எடது கை, மோதிர விரலு. மடங்காது. எப்டின்னு கேளு.

அந்தப் புள்ளை வயித்துல இருக்கும்போது நடந்தது. எங்கியோ கரெண்டு கம்பி திருடு போச்சுன்னு போலீசு வந்துச்சு. ரெஜினா சாக்கடையோரம் கெடந்த ஒரு கம்பிச் சுருள எடுத்து மூட்டையில போட்டுட்டா. அவ திருடல, கெடந்தத எடுத்தா. ஆனா அத்த யாரு நம்புவா? போலீசு என்னைப் புடிச்சிக்கினு போயி ஒரு நாள் முழுக்க உக்கார வச்சுக் கேட்டாங்க. "யாரு எடுத்தது சொல்லு, உன்ன வுட்டுர்றோம்." எனக்குத் தெரியாது சார். "சொல்லு." தெரியாது சார். மேசை மேல கைய வைக்கச் சொல்லி லத்தியால அடிச்சாங்க. தெரியாது சார்.

எங்க ஆளுங்ககிட்ட அது ஒண்ணுதான் சட்டம். எவன் வந்து கேட்டாலும் பேரு சொல்லக் கூடாது. நம்ம வாயால நம்ம ஆளோட பேரு வரக் கூடாது. நான் சொல்லல. அவ பேர சொல்லாததுக்குத்தான் இந்த விரலு இப்டி இருக்குது.

இத்த மனசுல வச்சிக்க. அப்பத்தான் அவ எனக்குப் பண்ணது உனக்குப் புரியும்.

அதுக்கு முன்ன அண்ணாச்சியப் பத்திச் சொல்லணும். காயலாங்கடை துரைப்பாண்டி அண்ணாச்சி. பதினெட்டு வருசமா அவரு கடையிலதான் சரக்கு போட்டோம் எல்லாரும். அவரு தராசு நேரா நிக்காது. பத்து கிலோ போட்டா ஒம்போதுதான் காட்டும். அது எங்களுக்கும் தெரியும். அதனால நாங்க காயித மூட்டைக்கு ரெண்டு சொம்புத் தண்ணி ஊத்துவோம். மேல ஊத்தக் கூடாது, தெரிஞ்சிரும். நடுவுல கைய வுட்டுப் பள்ளம் பண்ணி மெதுவா ஊத்தி, வாயக் கட்டி, கொஞ்ச நேரம் நிக்க வச்சா உள்ளயே குடிச்சிக்கும். அந்த ஒரு கிலோ திரும்பி வந்துரும். அது அவருக்கும் தெரியும். அவரு தராசுல அவரு கை, என் மூட்டையில என் தண்ணி. யாரும் யாரையும் ஏமாத்தல. இத்தத் திருட்டுன்னு சொல்லாத கண்ணு, எனக்குக் கோவம் வரும்.

அப்பத்தான் பிருந்தா மேடம்னு ஒருத்தங்க வந்தாங்க. தொண்டு நிறுவனம். ஒல்லியா இருப்பாங்க, எங்ககூட கீழ உக்காந்து சாப்பிடுவாங்க. "நீங்க தனித்தனியா போட்டா காயலாங்கடைதான். சேந்து போட்டா நேரா காயித மில்லுக்கே போடலாம்"னாங்க. ஒரு வருசம் அலைஞ்சாங்க. ஊராட்சிகிட்ட பேசி ஷெட்டு வாங்கினாங்க. காயிதம் பண்ற கம்பெனி ஒண்ணக் கூட்டியாந்தாங்க. காயிதத்த அமுக்கிக் கட்டற மிஷினு அவங்களது. சரக்கும் ஒழைப்பும் எங்களது. வர்ற லாபத்துல சங்கத்துக்கும் பங்கு. கம்பெனி சாரு மைக்கப் புடிச்சு, "நீங்க கூலிக்காரங்க இல்ல, எங்க பங்காளிங்க"ன்னாரு. எனக்குச் சிரிப்பு. எங்க ஊருல பங்காளின்னா வரப்புக்கு அடிச்சிக்கிறவன்.

ஆனா சும்மா சொல்லக் கூடாது. கார்டு குடுத்தாங்க. என் போட்டோ, என் பேரு, கழுத்துல மாட்டிக்கற கயிறு. அத்த மாட்டிக்கினு டீச்சர்ஸ் காலனிக்குள்ள போனேன். எட்டாம் நம்பர் வூட்டு அம்மா, முப்பது வருசமா கேட்டுக்கு மேல தூக்கிப் போடறவங்க, கார்டப் படிச்சிட்டு "தேசம்மாவா உங்க பேரு?"ன்னு கேட்டாங்க. உங்க பேருன்னு. கேட்டத் தொறந்து கையில குடுத்தாங்க. அன்னிக்கு மத்தியானம் எனக்குச் சோறு எறங்கல. சந்தோசத்துல கூட சோறு எறங்காதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சிக்கிட்டேன்.

அந்தக் கார்டு எங்கன்னு கேக்குறியா? இல்ல. அப்புறம் சொல்றேன்.

கம்பெனி சாரு பாடம் எடுத்தாரு ஒரு நாளு. ரெண்டு ஊசி வச்ச சின்ன மிஷினு ஒண்ணு காட்டுனாரு. காயிதக் கட்டுக்குள்ள குத்துனா ஈரம் எவ்ளோன்னு நம்பரு வரும். பன்னெண்டுக்கு மேல போனா மில்லுல எடுக்க மாட்டாங்க. "தண்ணி மட்டும் வேண்டாம்மா"ன்னு கைகூப்பிக் கேட்டாரு. எல்லாரும் தலையாட்டுனாளுங்க. நானும் ஆட்டுனேன். எல்லாக் கடைக்காரனும் அப்டிதானே சொல்லுவான்? எந்தக் கடைக்காரன் "தண்ணி ஊத்திக்கினு வா"ன்னு சொல்லியிருக்கான்?

புரட்டாசி மாசம், மொத லோடு. எட்டு நாளு கஷ்டப்பட்டோம். நூத்தி இருவது கட்டு வேணும்னாங்க, நூத்தி இருவது கட்டுனோம். வெள்ளை தனி, அட்டை தனி, பேப்பர் தனி. ஷெட்டே கண்ணுக்கு அழகா இருந்துச்சு. ரெஜினா ஒவ்வொரு கட்டையும் தடவிப் பாத்துக்கினே போவா. "யக்கா, இது போயிட்டா மாசா மாசம் லோடு. வருசக் கணக்குல எழுதித் தரேன்னு இருக்காங்க"ன்னா.

லோடு போறதுக்கு நாலு நாளு முன்ன அண்ணாச்சி கடை வழியாப் போனேன். கூப்ட்டு உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்தாரு. பதினெட்டு வருசத்துல அன்னிக்குத்தான் டீ வாங்கிக் குடுத்தாரு, பாவம். "தேசம்மா, புதுசா எலக்ட்ரானிக் தராசு வச்சிருக்காங்களாமே. பாத்து. என் தராசாவது பத்துக்கு ஒண்ணு. அது எவ்ளோ திங்கும்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். நம்பரு ஓடும், நமக்கு ஒண்ணும் புரியாது. உங்க சனங்க ஏமாந்துடக் கூடாதுன்னு சொல்றேன்"னாரு. எங்களால அவரு யாவாரமே படுத்துப் போச்சு, அப்பவும் எவ்ளோ அக்கறை பாரு. மனுசன்னா அப்டி இருக்கணும்.

இருபத்தெட்டு பேரோட எட்டு நாள் ஒழைப்பு. இதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ரெஜினா மூணாவது படிச்சவ, பெருசா தெரிஞ்ச மாதிரி பேசுவா, அவளுக்கும் தெரியாது. நான்தான் பெரியவ. நான்தான் பாத்துக்கணும்.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனாளுங்க. எனக்குப் பசிக்கலன்னு சொல்லிட்டு ஷெட்டுலயே இருந்தேன். கட்டுக்கு ரெண்டு சொம்பு. நூத்தி இருவது கட்டும் முடியல, நாப்பத்தி அஞ்சுக்குத்தான் ஊத்த முடிஞ்சுது. குழாயிலேந்து சொம்பு சொம்பா தூக்கியாந்து, கட்டு நடுவுல இடுக்கு பாத்து ஊத்தி. இடுப்பு ஒடிஞ்சு போச்சு. யாரும் ஒரு கை குடுக்கல. யாருக்கும் சொல்லவும் இல்ல. நல்லது பண்றவ தம்பட்டம் அடிச்சிக்கினா பண்ணுவா? தனக்குன்னு ஊத்துனா அது வேற. நான் சங்கத்துக்கு ஊத்துனேன் கண்ணு. என் வாழ்க்கையிலயே மத்தவங்களுக்காக ஊத்துன தண்ணி அது.

அண்ணாச்சி மூட்டைன்னா அன்னிக்கே தராசு ஏறிரும். இது மூணு நாளு நின்னுச்சு. மேல தார்ப்பாய் வேற போட்டு இறுக்கி மூடிட்டாளுங்க, தூசி படக் கூடாதுன்னு. நல்ல வெயிலு. அது என் தப்பா? தார்ப்பாயி போட்டது யாரு?

லாரி வந்துச்சு. கம்பெனி சாரு, பிருந்தா மேடம், மில்லுலேந்து ஒருத்தரு. ரெஜினா புதுப் புடவை கட்டிக்கினு வந்தா. தார்ப்பாய எடுத்தாங்க. குப்புன்னு ஒரு நாத்தம். புளிச்ச மாவு மாதிரி. உள்ள கைய வுட்டா சூடு. வெள்ளைக் காயிதம் மேல பச்சப் பச்சையா பூசணம். ஈரம் பக்கத்துக் கட்டுக்கெல்லாம் ஏறிருச்சு. மில்லுக்காரரு ஊசியக் குத்துனாரு. இருபத்தி ஆறு. இன்னொண்ணு, முப்பத்தி ஒண்ணு. குத்திக் குத்திப் பாத்துட்டு மிஷின பையில போட்டாரு. லாரி காலியாவே திரும்பிப் போச்சு.

அந்த லாரி திரும்பற சத்தம் இன்னும் என் காதுல இருக்குது. அத்த மட்டும் மறுக்க மாட்டேன்.

கம்பெனி சாரு கத்தல. கத்தியிருந்தா பரவால்ல. தூணப் புடிச்சிக்கினு நின்னாரு. "யாரு ஊத்துனது? எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். தெரியாம நடந்திருந்தா மறுபடி ஆரம்பிக்கலாம். எல்லாரும் மறைச்சா இதோட முடிச்சிக்கலாம்"னாரு.

இருபத்தெட்டு பேரும் வாயத் தொறக்கல. எல்லாளுக்கும் தெரியும். எங்க ஆளுங்களுக்கு ஊத்துன எடத்தப் பாத்தாலே ஊத்துன கை தெரியும். நட்ட நடுவுல அவ்ளோ சரியா ஊத்தறது நான்தான், அன்னிக்கு ஷெட்டுல தனியா இருந்ததும் நான்தான். ஆனாலும் ஒருத்தியும் சொல்லல. அதான் எங்க சனம். மனசுக்குள்ள கும்பிட்டேன் எல்லாளையும்.

நீயே ஏன் ஒத்துக்கலன்னு கேக்குறியா?

ஒத்துக்கியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துருச்சு. கொஞ்சம் பொறுத்திருந்தா நானே சொல்லியிருப்பேன். அதுக்குள்ள அவசரம் அவளுக்கு. எவ்ளோ நேரம் நின்னோமா? இருக்கும், ஒரு அரை மணி நேரம் இருக்கும். இன்னா இப்போ? ஒரு மனுசி வாய் தொறக்க நேரம் ஆவாதா? பிருந்தா மேடம் அழுதுக்கினு இருந்தாங்க. சாரு பேக்க எடுத்து மாட்டிக்கினாரு. வாசல் வரைக்கும் போயிட்டாரு.

அப்போ ரெஜினா சொன்னா. "தேசம்மா அக்கா, சார்."

எல்லாரு முன்னாலயும். என் மூஞ்சிய நேராப் பாத்து. "தேசம்மா அக்காதான் ஊத்துச்சு. கெட்ட எண்ணத்துல ஊத்தல சார். பழக்கத்துல ஊத்திருச்சு."

பழக்கத்துலயாம். நான் நல்ல எண்ணத்துல ஊத்துனேன், இவ பழக்கம்ன்றா. அத்தக் கூட சரியாச் சொல்லத் தெரியல.

லத்தி அடி வாங்கினப்போ கூட அப்டி வலிக்கல கண்ணு. இந்த விரலு தன்னால துடிச்சுது, நம்பு. யாரு பேர சொல்லாம நான் அடி வாங்கினேனோ, அவ வாயாலயே என் பேரு வருது. போலீசு அடிக்கல, யாரும் மெரட்டல. சும்மா நிக்கறப்போ சொல்லிட்டா.

அதுக்கப்புறம் பேசி முடிச்சாங்க. கம்பெனி மறுபடி ஒரு லோடு பாக்குமாம். ஊத்துனவ மூணு மாசம் ஷெட்டுக்குள்ள வரக் கூடாதாம். "நீங்க ஒத்துக்கறீங்களா?"ன்னு தலைவியக் கேட்டாங்க. தலைவி தலையக் குனிஞ்சிக்கினே கையெழுத்துப் போட்டா. நான் கழுத்துலேந்து கார்டக் கழட்டி அவ மூஞ்சியிலயே எறிஞ்சேன். நெத்தியில பட்டுச்சு. குனிஞ்சு எடுத்துத் தொடச்சா. "யக்கா, மூணே மாசம்"னா. "எனக்குத் தங்கச்சின்னு எவளும் இல்ல"ன்னுட்டு வந்துட்டேன்.

என் வேலைப் புடவை ஆணியில தொங்குது, பச்சைப் புடவை, அத்தக் கூட எடுக்கல.

நேரா அண்ணாச்சிகிட்ட போனேன். மறுபடி உங்ககிட்டயே போடறேன் அண்ணாச்சின்னு. அவரு சிரிச்சாரு. "சங்கத்துல மெம்பர் ஆனவங்க சரக்கு நமக்கு வேணாம் தேசம்மா. கெளம்பு"ன்னாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல. நாங்க கூட்டமா வுட்டுட்டுப் போனோம், மனசு நொந்திருக்கும். லாரி காலியாப் போனது அவருக்கு அதுக்குள்ள எப்டியோ தெரிஞ்சிருந்துச்சு. "நாப்பத்தி அஞ்சு கட்டாமே"ன்னாரு. கணக்கு கூட சரியாச் சொன்னாரு. யாரு சொல்லியிருப்பாங்கன்னு தெரியல.

இன்னா கண்ணு அப்டிப் பாக்குற? அண்ணாச்சி நல்லவரு. டீ வாங்கிக் குடுத்தாரு.

ரெஜினா வூட்டுக்கு வந்தா. ரெண்டு தரம் வந்தா. கதவத் தொறக்கல நானு. வாசல்ல உக்காந்து பேசிக்கினே இருந்தா. பேசறது காதுல வுழக் கூடாதுன்னு உள்ள பாத்திரத்த உருட்டிக்கினே இருந்தேன். ஆனா பாத்திரத்த எவ்ளோ நேரம் உருட்ட முடியும்? "யக்கா, அவரு வாசலத் தாண்டியிருந்தா இருபத்தெட்டு அடுப்பும் அணைஞ்சிருக்கும். நீயே சொல்லுவன்னு உன் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தேன். நீ சொல்லல. நான் இன்னா பண்ணட்டும்?"னு கேட்டா. கேள்வி கேக்கறா பாரு என்னை. மூணாவது தரம் வரல. அவ்ளோதான் பாசம்.

மூணு மாசம் முடிய இன்னும் பதினோரு நாளு இருக்குது. நான் ஒண்ணும் எண்ணல. சும்மா தெரியும்.

இதோ வருது பாரு, டீச்சர்ஸ் காலனி. டிரான்ஸ்பார்மர் தெரியுதா? அது பக்கத்துல, மொத தெரு மொனையில. மூட்டைங்க நிக்குதா? எத்தினி? நாலா? நேத்து மூணுதான் இருந்துச்சு.

வாரத்துக்கு ஒருக்கா எங்கியோ எடுத்து வைக்கிறாளுங்க, மறுநாளே புதுசு வருது. வாயில ஒரு துணி கட்டியிருக்கும், பாரு. பச்சைத் துணி. அது என் புடவை கண்ணு! ஆணியில வுட்டுட்டு வந்தேன்னு சொன்னேனே, அந்தப் புடவை. கிழிச்சிட்டாளுங்க! நல்ல புடவை, இன்னும் ரெண்டு வருசம் வந்திருக்கும். ஆளத் தொரத்திட்டு, புடவையக் கிழிச்சு, நான் தினம் போற பஸ்சு வழியில வச்சு எனக்குக் காட்டுறாளுங்க. இத்தவிட ஒரு அவமானம் உண்டா சொல்லு.

இன்னா சொன்ன?

அந்த வழக்கமா? எனக்குத் தெரியாதா அந்த வழக்கம்? நான்தானே உனக்குச் சொன்னேன். அது ஒடம்பு முடியாதவளுக்கு. புள்ளை பெத்தவளுக்கு. எழவு வூட்டுக்காரிக்கு. திரும்பி வரப் போறவளுக்கு. எனக்கு ஒடம்புக்கு இன்னா, கல்லு மாதிரி இருக்கேன். எனக்கு யாரு லைனு வாரி வைக்கணும்? நாலு தெரு வாரணும்னா இடுப்பு வுட்டுப் போவும். அவளுக்கு இருக்கற வேலையில, தன் அஞ்சு தெருவையும் பாத்து, ஷெட்டையும் பாத்து...

எழுபத்தி ஒம்போது நாளா.

நான் அவளுக்கு நாப்பது நாளுதான் வாரினேன்.

பேசாத. ஜன்னல இன்னும் கொஞ்சம் தள்ளு.

இன்னா அது, தூறலா? கைய வெளிய நீட்டிப் பாரு. அய்யய்யோ, பெரிய பெரிய துளியா வுழுது. கார்த்திகை மழை, புடிச்சா வுடாது. ஃபைல உள்ள வை கண்ணு, சர்ட்டிபிகேட்டு நனைஞ்சா போச்சு. அந்த மூட்டைங்க மேல ஒண்ணும் மூடல பாத்தியா? மழை நாளுல மூட்டையத் தொறந்த வெளியில வைக்கலாமா, எத்தினி தரம் சொல்லியிருக்கேன், கூறு கெட்டவ, இன்னும் கத்துக்கல.

கண்டக்டர் தம்பி, நிறுத்துப்பா. எறங்கணும். தண்ணி டேங்க்குக்குத்தான் டிக்கெட்டு, தெரியும், எறங்கணும்னா எறங்கணும், நிறுத்து.

எதுக்கா? வெள்ளைக் காயிதம் கண்ணு, வாத்தியாரு வூட்டுக் காயிதம். பன்னெண்டுக்கு மேல ஏறுனா மில்லுல எடுக்க மாட்டாங்க. ஊசியக் குத்திப் பாத்துட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்க. லாரி காலியாப் போவும்.

கோவமெல்லாம் போவல, அப்டி நெனச்சிக்காத. அவ என் பேர சொன்னா. சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். பதினோரு நாளு கழிச்சு அவ மூஞ்சிக்கு நேரா கேப்பேன். நறுக்குன்னு கேப்பேன்.

அந்த ஷீட்ட எடுத்துக் குடு. கால்கிட்ட இருக்குது பாரு. ரெண்டு ஆளு நீளம், நாலு மூட்டைக்கும் போதும். நகரு கண்ணு, நகரு. நனையுது.